ஸாரி சொல்லத் தகுதியானவர்

சாவிக்காரர் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியிடம் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. அதுவும் ஊர் உலகத்தில் எல்லோரும் இலவசமாக வாரி வழங்குகிற வார்த்தை. பஸ்ஸில் நம் காலை மிதித்தவன் சொல்வான். தப்பான நம்பருக்குப் போன் போட்டவள் சொல்வாள். நம் முகத்துக்கு நேராகத் தும்மினவர்கூட மூக்கைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிடுவார். ஸாரி. அந்த ஒற்றை வார்த்தைக்கு ஆஸ்பத்திரி மூன்று குழுக்கள் போட்டது, ஒரு வக்கீலையும் ஒரு பேராசிரியரையும் வரவழைத்தது, கடைசியில் பந்தல் போடாத குறையாக ஒரு விழாவும் எடுத்தது. இத்தனைக்கும் பிறகு அந்த வார்த்தை யார் வாயிலிருந்து வந்தது என்பதுதான் கதை.

பஸ் நிலையத்தின் பக்கவாட்டில் சாவிக்காரருக்கு அலமாரி அளவுக்கு ஒரு கடை. சாவி வெட்டும் மெஷின் ஒன்று, சுவர் முழுக்க ஆணிகளில் தொங்கும் வெட்டாத சாவிகள், உட்கார ஒரு ஸ்டூல். சில சமயம் வெட்டிக் கொடுத்த சாவி பூட்டில் திரும்பாது. வாங்கிப் போனவர் வந்து முறைப்பார். "ஸாரிங்க, குடுங்க" என்று வாங்கி அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துக் கொடுப்பார். விஷயம் முடிந்தது. அவருடைய ஒரே மகள் செருப்புக் கடையில் விற்பனைப் பெண். இந்த மாடலில் உங்கள் அளவு இல்லை, ஸாரி என்று கடை திறந்ததிலிருந்து அடைக்கும்வரை சொல்லிக்கொண்டிருப்பவள். ஆக, அந்த வீட்டில் இந்த வார்த்தைக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை.

சாவிக்காரரின் மனைவிக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கியதால் பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் சேர்த்திருந்தார்கள். அங்கே யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் குழப்பம் வரும், நம்பர் என்றால் குழப்பமே வராது என்பது ஆஸ்பத்திரியின் கொள்கை. அந்த நம்பரும் கட்டிலில் இருக்காது. கட்டில் நகரும், சுவர் நகராது என்று யோசித்து, சுவரில் பெயின்டால் எழுதி வைத்திருந்தார்கள். மனைவி பன்னிரண்டாம் படுக்கை.

ஒருநாள் பன்னிரண்டுக்கு நேர் மேலே கூரை ஒழுகியது. வார்டு ஊழியர்கள் அவள் கட்டிலை உருட்டிக்கொண்டுபோய் மூலையில் விட்டார்கள். ஒழுகலை அடைத்து முடித்ததும், கைக்கு எட்டிய வேறொரு கட்டிலைப் பன்னிரண்டுக்குக் கீழே தள்ளினார்கள். அதில் இருந்த அம்மாளுக்கு உடம்பு நன்றாகத் தேறி வந்தது. மூலைக் கட்டிலில் சாவிக்காரரின் மனைவி ஒரு பிற்பகல் இறந்துபோனாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போன் வந்தது. சின்னக் குரலில் ஒரு நர்ஸ் பேசினாள். பன்னிரண்டாம் படுக்கை நல்லாயிட்டாங்க, நாளைக்குக் காலையில வந்து கூட்டிட்டுப் போங்க என்றாள். அவள் குரலிலேயே சந்தோஷம் தெரிந்தது. அப்பாவும் மகளும் தலைகால் புரியாமல் அலைந்தார்கள். மகள் தரையைக் கழுவினாள், தலையணை உறை மாற்றினாள், ஜன்னலில் தொங்கிய ஒட்டடையை நாற்காலி போட்டு ஏறி அடித்தாள். ஒரு பையில் அம்மாவுக்கு மாற்றுத்துணி, சீப்பு, குளிருக்கு ஒரு சால்வை, கடையில் தள்ளுபடி விலைக்கு எடுத்திருந்த புதுச் செருப்பு எல்லாம் அடுக்கினாள். சாவிக்காரர் சாப்பிடும்போது ஏதோ பாட்டு முணுமுணுத்ததாக மகள் பிற்பாடு சொன்னாள். அவர் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை.

காலையில் போனபோது பன்னிரண்டுக்குக் கீழே ஒரு அம்மாள் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். யாரைப் பார்க்கணும் என்று மரியாதையாகத்தான் கேட்டாள்.

ஊழியர் ஒருவர் மூலைக் கட்டிலைக் காட்டி விஷயத்தைச் சொன்ன பிறகு சாவிக்காரருக்கு எதுவுமே உறைக்கவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டுக்கொண்ட கன்னம்போல மனசு மரத்துக் கிடந்தது. கையெழுத்துக் கேட்ட இடத்தில் போட்டார், நிற்கச் சொன்ன இடத்தில் நின்றார், செய்ய வேண்டியதைச் செய்து முடித்தார். அழுகை வரும் என்று வந்தவர்கள் எதிர்பார்த்தார்கள். அவரும் எதிர்பார்த்தார். வரவில்லை.

மகள் மட்டும் அந்தப் பையைப் பிரிக்கவில்லை. வாசல் கதவுக்குப் பின்னால் வைத்தவள் வைத்தவள்தான். தினம் காலையில் சாவிக்காரர் அதைத் தாண்டித்தான் கடைக்குப் போக வேண்டும். பையை எடுத்து உள்ளே வைக்கலாமே என்று ஒருநாள் கேட்டார்.

"அவங்க ஒரு ஸாரி சொல்லட்டும்பா. அப்புறம் பிரிக்கிறேன்" என்றாள் மகள். "நான் ஒரு செருப்புக்கே அத்தனை தடவை சொல்றேன்."

இதில் சிரமம் ஒன்றும் இருக்காது என்று சாவிக்காரர் நினைத்தார். முதலில் போன் செய்து பார்த்தார். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது என்று பதிவு செய்த ஒரு பெண் குரல் சொன்னது. பாராட்டுக்கு ஒன்றையும் புகாருக்கு இரண்டையும் அழுத்தச் சொன்னது. இரண்டை அழுத்தினால் சங்கீதம் வந்தது. சங்கீதம் முடிந்ததும் போன் தானாக அணைந்தது. நாலைந்து தடவை அந்தச் சங்கீதத்தைக் கேட்ட பிறகு, கடையைப் பூட்டிக்கொண்டு நேரிலேயே போனார்.

புகார்ப் பிரிவில் இருந்த அம்மாள் நல்லவள். நாற்காலி காட்டினாள், மின்விசிறியைத் திருப்பி வைத்தாள், கோப்பைத் தேடத் தாமதமானதற்கு ஒரு ஸாரியும் சொன்னாள். பிறகு, என்ன வேண்டும் என்று கேட்டாள்.

"ஸாரி சொல்லணும்" என்றார் சாவிக்காரர்.

"நீங்களா?"

"நீங்க."

அந்த அம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டாள். நஷ்டஈடு என்றால் அதற்கு விதி இருக்கிறது, ஊழியரைக் கண்டிக்க வேண்டும் என்றால் அதற்கும் விதி இருக்கிறது, கட்டின பணத்தைத் திருப்பிக் கேட்டால்கூட இழுத்தடிக்க ஒரு முறை இருக்கிறது, இதற்கு எங்கள் ஆஸ்பத்திரியில் வழியே இல்லையே என்று மெய்யாகவே கவலைப்பட்டாள். பணம் கேளுங்களேன், எனக்குச் சுலபமாக இருக்கும் என்று கெஞ்சிக்கூடப் பார்த்தாள். சாவிக்காரர் அசையவில்லை. பிடிவாதம் ஒன்றுமில்லை, அவருக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. எனவே அவரைக் கண்காணிப்பாளரிடம் அனுப்பினாள்.

கண்காணிப்பாளர் அகலமான மேஜைக்குப் பின்னால் இருந்தார். விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பன்னிரண்டாம் படுக்கை நல்லாயிடுச்சுன்னு சொன்னோம். நீங்களே வந்து பார்த்தீங்க. நல்லாத்தானே இருந்தாங்க? எங்க தகவல்ல என்ன தப்பு?"

சாவிக்காரர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

"அந்த ஒரு ராத்திரி நாங்க சந்தோஷமா இருந்தோம் சார். அதுக்குத்தான் கேக்கறேன்."

கண்காணிப்பாளர் பக்கத்தில் இருந்த சுருக்கெழுத்தாளரைப் பார்த்தார். எங்கள் தகவலால் சந்தோஷமாக இருந்ததாக மனுதாரரே ஒப்புக்கொள்கிறார் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்.

இருந்தாலும் கண்காணிப்பாளர் மனசாட்சி இல்லாதவர் அல்ல. ஆஸ்பத்திரியின் வக்கீலைக் கூப்பிட்டு யோசனை கேட்டார். வக்கீல் கேட்ட மாத்திரத்தில் கதவைச் சாத்தினார். இந்த வார்த்தை பார்க்கத்தான் சாது, உள்ளே என்ன வைத்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, பொருள் தெரியாத பத்திரத்தில் கையெழுத்துப் போடுவீர்களா என்று கேட்டார். கண்காணிப்பாளர் அப்படிப் பலமுறை போட்டிருந்தாலும், மாட்டேன் என்றார். ஆகவே இந்த வார்த்தையின் பொருள், தோற்றம், பயன்பாடு ஆகிய மூன்றையும் ஆராய ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு அமைக்கப்பட்டது. குழுக்கள் அறிக்கை தரும்வரை ஆஸ்பத்திரி வளாகத்தில் யாரும் இந்த வார்த்தையை உபயோகிக்கக் கூடாது என்று சுற்றறிக்கையும் வந்தது.

ஒரு வார்த்தையை எடுத்துவிட்டால் ஒரு கட்டிடம் எப்படி ஆட்டம் காணும் என்பது அப்போதுதான் தெரிந்தது. தள்ளுவண்டியால் ஒருவர் முழங்காலில் இடித்த ஊழியர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார், கடைசியில் அவரை முறைத்துவிட்டுப் போனார். லிஃப்டில் ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்ட டாக்டர்கள் பேச வழியில்லாமல் மூன்று மாடிக்கும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே போனார்கள். சிக்கல் பெரிதானதும் மாற்று வாசகம் ஒன்று அறிவிக்கப்பட்டது. "நிகழ்ந்தது அறியப்பட்டது." காபியைக் கொட்டியவர், ஊசியை இடம் மாற்றிக் குத்தியவர், தூங்குகிறவரை எழுப்பித் தூக்க மாத்திரை கொடுத்தவர் எல்லோரும் நிகழ்ந்தது அறியப்பட்டது, நிகழ்ந்தது அறியப்பட்டது என்று சொல்லிக்கொண்டு நடமாடினார்கள். ஒரு மூத்த அறுவை நிபுணர் கண்ணாடிக் கதவில் முட்டிக்கொண்டு, பழக்க தோஷத்தில் கதவிடம் பழைய வார்த்தையைச் சொல்லிவிட்டார். அவரிடம் விளக்கம் கேட்கப்பட்டது. கதவிடம் கேட்கவில்லை.

சாவிக்காரரை முதலில் பொருள் குழு அழைத்தது. நீண்ட மேஜை, ஏழெட்டுப் பேர், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். சுவரில் படம் வரைந்த பலகை ஒன்று மாட்டியிருந்தார்கள். கீழ்ப்படியில் காலை மிதித்த ஸாரி, அதற்கு மேல் தாமதமாக வந்த ஸாரி, அதற்கும் மேல் இரவல் வாங்கிய குடையைத் தொலைத்த ஸாரி என்று ஏணிபோல ஏறிப் போனது. குழுத் தலைவர் ஒரு குச்சியை அவர் கையில் கொடுத்து, உங்களுக்கு வேண்டிய அளவைத் தொட்டுக் காட்டுங்கள் என்றார். சாவிக்காரர் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றார். உச்சிப்படியில் திருமணத்தை நிறுத்திய ஸாரி இருந்தது. அதற்கு மேல் சுவர்தான்.

"இதுல இல்லீங்க" என்றார்.

குழுத் தலைவர் முகம் மலர்ந்துவிட்டது. மனுதாரர் கேட்கும் பொருளில் இந்த வார்த்தை இல்லவே இல்லை என்று அன்றைக்கே இடைக்கால அறிக்கை எழுதிவிட்டார்கள். குழுவின் காலம் நீட்டிக்கப்பட்டது.

தோற்றக் குழு அப்படி அவசரக் குடுக்கை அல்ல. அவர்கள் பல்கலைக்கழகத்திலிருந்து மொழிப் பேராசிரியர் ஒருவரை வரவழைத்தார்கள். ஒல்லியான மனிதர். தன் பேச்சை வீட்டில் யாரும் கேட்பதில்லை என்பது அவர் பேசத் தொடங்கியதுமே தெரிந்தது. எல்லோரும் நினைப்பதுபோல இது துக்கம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் தங்கை அல்ல என்றார். அந்த இரண்டுக்கும் வேர் வேறு. நெடுநாள் பக்கத்து வீட்டில் குடியிருந்தவர்களுக்கு ஒருவர் சாயல் ஒருவருக்கு வந்துவிடுவதுபோல ஒட்டிக்கொண்டவை. பழைய ஆங்கிலத்தில் புண், நோவு என்று பொருள்படும் ஒரு சொல் இருந்தது, அதிலிருந்து பிறந்ததுதான் இது. நோவு நிறைந்தவன் என்பதே இதன் பூர்வீக அர்த்தம். மன்னிப்புக் கேட்பதெல்லாம் பிற்காலத்தில் வந்து சேர்ந்த பழக்கம்.

"அதாவது, எனக்கு வலிக்கிறது என்று சொல்வதுதான் ஸாரி. வலி இல்லாதவர் சொன்னால் அது வெறும் சத்தம்" என்று முடித்தார்.

சாவிக்காரர் தலையை நிமிர்த்தினார். இத்தனை நாளில் அந்தக் கட்டிடத்தில் அவர் காதில் விழுந்த முதல் புரிகிற பேச்சு அது. ஆனால் குழுவுக்கு வேறு விதமாகப் புரிந்தது. புண் சம்பந்தப்பட்ட விவகாரம் என்று வந்துவிட்டதால் கோப்பு அன்றே புண்ணுக்குக் கட்டுப் போடும் அறைக்கு மாற்றப்பட்டது. சாவிக்காரரும் கோப்போடு போனார். அங்கே இருந்த ஊழியர் கத்தரிக்கோலும் பஞ்சுமாகத் தயாராக நின்று, எங்கே காட்டுங்கள் என்றார். சாவிக்காரர் எதையும் காட்டவில்லை. வெளிக்காயம் ஏதுமில்லை என்று எழுதி, பஞ்சு வீணாகக் கூடாதென்று அவர் உள்ளங்கையில் இருந்த அரத்தின் பழைய சிராய்ப்புக்கு ஒரு கட்டுப் போட்டு அனுப்பினார்.

வீட்டில் மகள் அந்தக் கட்டைப் பார்த்தாள். என்ன ஆச்சு என்று கேட்டாள். விசாரணை நடக்குது என்றார். அவள் பையைச் சுவரோரமாக இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். அப்பா தடுக்கி விழக் கூடாது என்று.

மூன்றாவதான பயன்பாட்டுக் குழுதான் உண்மையில் வேலை செய்த குழு. வலி உள்ளவரே இதைச் சொல்லத் தகுதி உடையவர் என்று பேராசிரியர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் தகுதியானவரைக் கண்டுபிடித்துவிட்டால் வேலை தீர்ந்தது. கண்காணிப்பாளர் முதல் காவலாளி வரை எல்லோரிடமும் ஒரே கேள்வியை அனுப்பினார்கள். மேற்படி மரணத்தாலோ, மேற்படி தகவலாலோ உங்களுக்கு வலி உண்டா, இல்லையா? கண்காணிப்பாளர் இல்லை என்று எழுதி அடிக்கோடும் போட்டார். வக்கீல், இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ளவில்லை என்று எழுதினார். புகார்ப் பிரிவு அம்மாள் நெடுநேரம் யோசித்துவிட்டு, ஓய்வூதியம் பாதிக்கப்படுமா என்று கேட்டு, பாதிக்கப்படலாம் என்று தெரிந்ததும் இல்லை என்று எழுதினாள். கட்டில் உருட்டியவர்கள் மூட்டு வலி சேருமா என்று கேட்டார்கள். சேராது என்றதும் அவர்களுக்கும் இல்லை.

ஒரே ஒருத்தி மட்டும் உண்டு என்று எழுதியிருந்தாள். அன்று சாயங்காலம் போன் செய்த நர்ஸ்.

ஆஸ்பத்திரி அவளைக் கைவிடவில்லை. ஊழியருக்கு வலி என்றால் வைத்தியம் பார்க்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை. அவளை உடனே படுக்கையில் சேர்த்து, வேளைக்கு இரண்டு வலி மாத்திரை கொடுத்து, வலி இல்லை என்று எழுதித் தரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சாவிக்காரர் இதைக் கேள்விப்பட்டு அவளைப் பார்க்கப் போனார். சுவர் நம்பர் என்ன என்று வார்டு வாசலில் கேட்டார்கள். அவருக்குத் தெரியவில்லை. பெயரும் தெரியவில்லை. அன்று சாயங்காலம் கேட்ட குரல் மட்டும் தெரியும். அதை வைத்து ஆளைக் காட்ட முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரியே அவருக்கு ஆள் அனுப்பியது. கண்காணிப்பாளர் எழுந்து நின்று கைகொடுத்தார். இப்படி அவர் எழுந்து யாரும் பார்த்ததில்லையாம். குழு முடிவுக்கு வந்துவிட்டது, விழா ஏற்பாடாகிவிட்டது என்றார். வக்கீலும் பக்கத்தில் இருந்தார்.

"இந்த விஷயத்துல வலி உள்ளவர் யார்னு ஆஸ்பத்திரி பூரா சல்லடை போட்டுத் தேடிட்டோம்" என்றார் கண்காணிப்பாளர். "வைத்தியத்துல இருக்கற நர்ஸைக் கழிச்சா ஒருத்தர்தான் தேறினார். நீங்க."

சாவிக்காரர் புரியாமல் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் அன்பாக விளக்கினார். வார்த்தையின் தோற்றப்படி அதைச் சொல்லும் முழுத் தகுதியும் உங்களுக்குத்தான் இருக்கிறது. மேலும் நீங்கள் எங்கள் சம்பளப் பட்டியலில் இல்லை. நீங்கள் சொன்னால் எங்களுக்குச் சட்டப்படி எந்தப் பொறுப்பும் வராது. ஆஸ்பத்திரியின் சார்பில் நீங்கள் சொல்வீர்கள், மனுதாரர் என்ற முறையில் நீங்களே கேட்டுக்கொள்வீர்கள். இரண்டு பேருக்கும் திருப்தி.

கோபம் வர வேண்டிய இடம்தான் இது. வேறு யாராக இருந்தாலும் மேஜையைக் கவிழ்த்திருப்பார்கள். சாவிக்காரர் உள்ளே தேடிப் பார்த்தார், அங்கே கோபம் அகப்படவில்லை. கதவுக்குப் பின்னால் இருக்கும் பை ஞாபகம் வந்தது. யாராவது சொன்னால் சரி என்று தோன்றிவிட்டது. எப்போ வரணும் என்று மட்டும் கேட்டார்.

விழா மாடிக் கூடத்தில் நடந்தது. ஊழியர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், வராதவர்களுக்கு அரைநாள் சம்பளம் பிடிக்கப்படும் என்று சொல்லியிருந்ததால். முதல் வரிசையில் மூன்று குழுக்களும் உட்கார்ந்திருந்தன. பேராசிரியருக்கும் அழைப்பு போயிருந்தது, அவர் வரவில்லை. கண்காணிப்பாளர் தலைமை உரையாற்றினார்.

"இந்த மருத்துவமனை தொடங்கிய நாள்முதல் யாரிடமும் இந்த வார்த்தையைச் சொல்ல நேர்ந்ததில்லை. ஏன்? இங்கே யாரும் இறக்கவில்லையா? எத்தனையோ பேர் இறந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது திரும்பி வந்து எங்கள் மேல் குறை சொன்னதுண்டா? அதுதான் எங்கள் தரம். ஆயினும் ஒரு சாதாரண மனிதர் ஒரு சாதாரண வார்த்தையைக் கேட்டு வந்தபோது, நாங்கள் அவரை வெறுங்கையோடு அனுப்பவில்லை. அந்த வார்த்தையைச் சொல்லும் உரிமையையே அவருக்கு வழங்குகிறோம்."

கைதட்டல் எழுந்தது. அடுத்து வக்கீல் பேசினார். இந்த ஏற்பாடு இனிமேல் எல்லாப் புகார்களுக்கும் முன்மாதிரியாக விளங்கும் என்றார். அவ்வப்போது தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை, இன்று பதிவாகும் குரலையே நிர்வாகம் நிரந்தரமாகப் பயன்படுத்திக்கொள்ளும் என்றார். சாவிக்காரர் இதையெல்லாம் கேட்டார் என்று சொல்ல முடியாது. காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

மேடைக்கு அழைத்தார்கள். மைக்கை அவர் உயரத்துக்குத் தாழ்த்தினார்கள். கையில் ஒரு அட்டையைக் கொடுத்தார்கள். பன்னிரண்டாம் படுக்கை தொடர்பாக நிகழ்ந்தது அறியப்பட்டது, அதற்காக ஸாரி என்று அதில் இருந்தது. ஒலிப்பதிவாளர் விரலை உயர்த்தினார். சாவிக்காரர் அட்டையைப் பார்த்தார். பன்னிரண்டு என்ற எண் கண்ணில் பட்டதும், சுவரும் அதன் கீழே தலை வாரிக்கொண்டிருந்த அம்மாளும் ஞாபகம் வந்தது. அப்புறம் அந்த மூலை. மூலைக் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. அதை அவர் அன்றைக்கே பார்த்திருந்தார், இன்றைக்குத்தான் தெரிந்தது.

அட்டையைப் படிக்கவில்லை. இருமினார். மைக் அந்த இருமலைக் கூடம் முழுக்கக் கொண்டுபோனது.

"ஸாரிம்மா" என்றார். கொஞ்சம் விட்டு, "நாங்க பன்னிரண்டாம் நம்பருக்குத்தான் வந்தோம். உன்னை அங்க காணோம். ஸாரி" என்றார்.

பிறகு கண்காணிப்பாளர் கைதட்டினார், எல்லோரும் தட்டினார்கள். வாசகத்திலிருந்து விலகிவிட்டார் என்று வக்கீல் முணுமுணுத்தார். அந்த வார்த்தை இரண்டு தடவை வருகிறது, சிக்கனமாக வெட்டி ஒட்டிக்கொள்ளலாம் என்று ஒலிப்பதிவாளர் சமாதானம் சொன்னார். தேநீர் கொடுத்தார்கள். சாவிக்காரர் பாதி குடித்தார். கோப்பு மூடப்பட்டது என்று புகார்ப் பிரிவு அம்மாள் வந்து காதோடு சொன்னாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சுற்றறிக்கை இன்னும் ரத்தாகவில்லை. நிகழ்ந்தது அறியப்பட்டது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சில நாள்வரை அவர் வீட்டில் எதுவும் சொல்லவில்லை. ஒரு விடுமுறை நாளில், பையைத் தாண்டும்போது கால் இடறியது. மகள் ஓடி வந்து பிடித்துக்கொண்டாள். அப்போதுதான், ஆஸ்பத்திரியில ஸாரி சொல்லியாச்சும்மா என்றார்.

"யாருப்பா சொன்னாங்க?"

அவர் செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டார். வேறு வழி இல்லை.

"நான்தான்."

மகள் கேட்டு முடித்தபோது அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அப்பா மேல் கோபப்பட அவளால் முடியவில்லை. நேராகப் போய்ப் போனை எடுத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்தாள். யார் எடுத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்ற வேகம். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது என்றது பெண் குரல். இரண்டை அழுத்தினாள். சங்கீதம் வரவில்லை. ஒரு இருமல் கேட்டது.

"ஸாரிம்மா" என்றது போன்.

மகள் அசையாமல் நின்றாள். அப்பா எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து கையில் இருந்த பழைய கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார், அவர் வாய் மூடியிருந்தது. போன் இரண்டாவது தடவை ஸாரி என்றது. பிறகு, புகார் தீர்க்கப்பட்டது, நன்றி என்று பெண் குரல் சொல்லி அணைந்தது.

அவள் மறுபடியும் அதே நம்பரை அழுத்தினாள். பாராட்டுக்கு ஒன்று, புகாருக்கு இரண்டு. இரண்டை அழுத்திவிட்டு, போனைக் காதோடு ஒட்ட வைத்துக்கொண்டாள். இந்தத் தடவை அவள் திட்டுவதற்காகக் கூப்பிடவில்லை.

"எனக்குச் சொல்ற மாதிரியே இருக்குப்பா" என்றாள்.

"அம்மாவுக்குச் சொன்னேன்" என்றார் சாவிக்காரர். அதைச் சொல்லி முடிக்கும் முன்பே அவர் முகம் கோணிக்கொண்டு போயிற்று. அன்று காலையில் வர வேண்டிய அழுகை அது. இவ்வளவு நாள் எங்கே இருந்ததோ தெரியவில்லை, நல்ல சத்தத்தோடு வந்தது.

மகள் போனை வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் போனாள். பையைத் திறந்து சால்வையை எடுத்து அப்பாவின் தோளில் போட்டாள். சீப்பைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தாள். புதுச் செருப்பை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து, மற்றச் செருப்புகளோடு வாசலில் வரிசையாக விட்டாள்.